அமெரிக்காவிலிருந்து வந்த பம்பு படமும் நம் கல்வராயன் மலையும்

  போன பதிவில் ஏற்றமும் கவலையும் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கருத்துப் போடுகிறவர்களை வகுப்பிலேயே எனக்குத் தெரியும்!

விஷயம் இதுதான். நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்காவில் இருக்கும் ஒரு தம்பி ஒரு படம் போட்டான். வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று பெரிய எவர்சில்வர் பானைகள், நடுவில் கைப்பிடி அளவு ஒரு பம்பு, சுற்றிலும் குழாய்கள். "சார், நானே வீட்டில் பீர் தயாரிக்கிறேன். இவ்வளவு நாள் கொதிக்கிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன். இப்போது பம்பு வாங்கிவிட்டேன்" என்று பெருமையாக எழுதியிருந்தான்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கள்ளக்குறிச்சியிலேயே இருக்கும் இன்னொரு தம்பி எழுதினான்: "அவன் காய்ச்சினா ஹாபி. நம்ம ஊர்க்காரன் காய்ச்சினா கேஸ். என்ன சார் நியாயம்?" அதற்குக் கீழே மலையிலிருந்து வந்து படித்த ஒரு பெண் எழுதினாள்: "சார், வெள்ளிமலைன்னு சொன்னாலே இப்பல்லாம் சாராயமான்னு கேக்குறாங்க."

அதன்பிறகு குழுவில் யாரும் பேசவில்லை. எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்று பேரும் என் பிள்ளைகள். மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நான் வரலாற்று வாத்தியார். வரலாறாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பம்பு.

அமெரிக்கத் தம்பியிடம் போனில் கேட்டேன், அந்தப் பம்பு என்னதான் செய்கிறது என்று. முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்க வேண்டுமாம். அந்தச் சூட்டில் மாவு சர்க்கரையாகும். அந்த இனிப்பு நீரை அடியிலிருந்து எடுத்து மறுபடி மேலே ஊற்றி, தானியப் படுகை வழியாகவே வடிகட்டித் தெளிய வைக்க வேண்டும். பிறகு கொதிக்கவைத்து, சீக்கிரம் ஆறவைத்து, ஈஸ்ட் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இருபது முப்பது லிட்டர் சுடுநீரை இடம் மாற்ற வேண்டும். அந்த வேலைதான் பம்புக்கு.

"ஆனால் சார், முதல் நாள் ஓடவே இல்லை. உர்ர்ர் என்று சத்தம் மட்டும்" என்றான். நான் சிரித்துவிட்டேன். "உங்கப்பா கிணத்து மோட்டார்ல பக்கெட்டால தண்ணி ஊத்தித்தானேடா சுவிட்சு போடுவாரு, மறந்துட்டியா?" என்றேன். அந்த வகைப் பம்பு காற்றை இழுக்காது. உள்ளே நீர் நிறைந்திருந்தால்தான் தள்ளும். எனவே பானையைவிடத் தாழ்வான இடத்தில் வைத்து, முதலில் நீர் தானாக இறங்கி நிரம்ப விட வேண்டும். கொதிநிலைக்கு அருகில் இருக்கும் நீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் நீர் உள்ளேயே ஆவியாகிவிடும், பம்பு வெறுமனே சுற்றும். அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியே போகும் பக்கத்து வால்வைத்தான் மூட வேண்டும், உள்ளே வரும் பக்கத்தை அல்ல. நம் ஊர் மோட்டார் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இந்தப் பம்பு நமக்குப் புதிதல்ல, ஆனால் ரொம்பப் பழையதும் அல்ல. என் சிறுவயதில் கள்ளக்குறிச்சிப் பக்கம் கிணறுகளில் கவலைதான். மாடுகள் பின்னால் நடந்து வந்து, முன்னால் இறங்கும். பிறகு ஆயில் இஞ்சின், பிறகு கரண்டு மோட்டார். காற்றின் அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தாங்காது. நடைமுறையில் 7 மீட்டர் உறிஞ்சினாலே பெரிது. அதனால்தான் நம்மவர்கள் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணத்துக்காகப் போராடியதும், பின்னால் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததும் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

அந்த மோட்டார் நம் பகுதியைக் கரும்பு நாடாக்கியது. 1960களில் கட்டிய கோமுகி அணை ஒரு பக்கம், கிணற்று மோட்டார் ஒரு பக்கம். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. ஆலைக்குப் போகாத கரும்பு வெல்ல ஆலையில் ஆட்டி வெல்லமானது. அந்த வெல்லத்தின் ஒரு பங்கு பொங்கலுக்குப் போகாமல் மலைக்கு ஏறியதும் ஊரறிந்த ரகசியம். சாராய ஊறலுக்கு முதல் பொருள் வெல்லம்தான். நம் ஊரைச் செழிக்க வைத்த அதே பம்பு, இந்தக் கதையிலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது பீர்.

வீட்டில் தானியத்தைப் புளிக்கவைத்துக் குடிப்பது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று நினைக்காதீர்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிப் பாடியது. அதில் ஓர் இடத்தில் செய்முறையே வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் ஓர் அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். அந்த அடை நெல்முளையால் ஆனது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். முளைகட்டிய தானியம், ஆறவைத்தல், புளிக்கவிடுதல், வடித்தல். அமெரிக்கத் தம்பி செய்வதும் ஏறக்குறைய அதே வரிசைதான். அங்கே பம்பு செய்கிற வேலையை இங்கே விரல்கள் செய்திருக்கின்றன. வீட்டில் நெல்லால் சமைத்த கள்ளுக்குத் தோப்பி என்றே பெயர் இருந்தது.

இதைச் சொல்வதால் வாத்தியார் குடிக்கச் சொல்கிறார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவரும் நம்மவர்தான். இரண்டும் நம் வரலாறு.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தோப்பி, கள், பீர் மூன்றும் புளிக்கவைத்தவை. நீர் அதிகம், போதை குறைவு. கள் ஒரு நாள் தாண்டினால் புளித்துக் கெடும். ஒளித்துவைக்கவோ தூரம் கொண்டுபோகவோ முடியாது. சாராயம் வேறு. புளித்ததைச் சூடாக்கி ஆவியைக் குளிரவைத்து எடுப்பது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அந்த இடைவெளியில்தான் வடிப்பு நடக்கிறது. பல குடம் கள்ளில் இருக்கும் போதை சிறிய அளவில் அடங்கிவிடும், கெடாது. லாரி டியூபில் ஊற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரவில் மலை இறங்கலாம்.

இதை வைத்துக்கொண்டு மதுவிலக்கின் வரலாற்றைப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1886ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆப்காரி சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்டன. அரசுக்கு நல்ல வருமானம். ராஜாஜி முதல்வரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது எந்த ஜில்லாவில்? சேலம். வகுப்பில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. சேலத்துக்குக் கிழக்கு எல்லை எது? நம் கல்வராயன் மலை!

மேற்குச் சரிவு சேலம் ஜில்லா ஆத்தூர் தாலுகா. கிழக்குச் சரிவு அன்றைய தென்னாற்காடு ஜில்லா கள்ளக்குறிச்சி தாலுகா. அன்றைக்கு ஒரே மலையில் மேற்கே இறங்கினால் குடிப்பது குற்றம், கிழக்கே இறங்கினால் குடிப்பது அரசுக்கு வருமானம். எல்லைக் கோடு ஓடுகிற காட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வரலாற்று ஆசிரியர் தேவையில்லை.

போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்த்தினார்கள், சில ஆண்டுகளிலேயே மறுபடி மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள், 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதுவும் தடை. 2003இலிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. கதவு திறந்து திறந்து மூடிய இத்தனை ஆண்டுகளிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறை மூடும்போதும் கெட்டுப்போகும் கள் ஒழிந்தது, கெடாத சாராயம் மலைக்குப் போனது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பெரிய பீப்பாய் பீரைக் கடத்துவது கஷ்டம் என்று கள்ளக் கடத்தல் பெரும்பாலும் ஸ்பிரிட்டுக்கு மாறியது. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாது என்று அரசே அதில் மெத்தனாலைக் கூட்டிக் கலக்க வைத்தது. அதையும் திருடி விற்றார்கள். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் பிணங்கள் குவிந்தன. மதுவிலக்கு 1933இல் போனபிறகும் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றமாகவே இருந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான், வளர்ந்தவர் இருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை, விற்காமல், சொந்தத்துக்குத் தயாரிக்கலாம் என்று ஆனது. அங்கேயும் அந்தச் சட்டம் வீட்டில் சாராயம் வடிக்க அனுமதி தரவில்லை. தம்பி, இது உனக்குத்தான். பீரோடு நிறுத்திக்கொள். ஊருக்கு வரும்போது இங்கே இந்தப் பானைகளை அடுப்பில் ஏற்ற நினைக்காதே. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம்தான்.

இப்போது மலை.

கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது 1947. அந்த ஜாகிர்கள் முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976. ஏறக்குறைய முப்பது ஆண்டு வித்தியாசம். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எவ்வளவு தாமதம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைத்தார்கள். கடுக்காய், புளி, தேன் எடுத்தார்கள். இப்போது மரவள்ளி போடுகிறார்கள், அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. இதில் எதற்கும் விலை வைப்பவன் மலையில் இல்லை. சாராய அடுப்புக்குப் பணம் போடுபவனும் மலையில் இல்லை. கூலிக்கு விறகும் வெல்லமும் சுமப்பவன்தான் மலைக்காரன். வடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அதனால் அடுப்பு எப்போதும் ஓடையோரம். ரெய்டு வந்தால் பேரல் உருளும், பணம் போட்டவன் கீழே ஊரில் நிம்மதியாகத் தூங்குவான்.

2024 ஜூன் மாதம்.

18ஆம் தேதி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். 19ஆம் தேதி காலையிலிருந்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் தெரியவில்லை என்ற கதறல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி நிரம்பி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பினார்கள். 65 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்தது.

அந்த வாரம் நாளிதழில் வந்த பெயர்ப் பட்டியலை வருகைப் பதிவேடு படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தேன். ஓர் இடத்தில் விரல் நின்றது. பெயரை எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். கடைசி பெஞ்சில் உட்காருவார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முப்பது ஆண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்டுகளையும் அரசர்களையும் மனப்பாடம் செய்யவைத்தேன். பக்கத்து மலையின் வரலாற்றை, பாக்கெட்டுக்குள் என்ன இருக்கலாம் என்பதை, ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை. இந்தப் பதிவு அந்தக் கடனில் ஒரு சிறு பகுதி.

அவர்களைக் கொன்றது எது? மெத்தனால். நன்றாகக் கவனியுங்கள். வெல்லத்தையோ தானியத்தையோ புளிக்கவைப்பதில் மெத்தனால் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். இத்தனை பேரைக் கொல்லும் அளவு அதில் வராது. அது தொழிற்சாலை ரசாயனம், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராவது. பெயிண்ட், பிசின் தொழில்களுக்குப் போவது. பார்க்க ஆல்கஹால் மாதிரியே இருக்கும், வாசனையும் நாக்கும் காட்டிக்கொடுக்காது. உடலுக்குள் போனபிறகு ஃபார்மிக் அமிலமாக மாறும். எறும்புக்கடியில் எரிகிறதே, அதே அமிலம். அதுதான் கண் நரம்பைத் தாக்குகிறது. மலை அடுப்பில் விளைந்த விஷம் அல்ல அது. சமவெளியிலிருந்து, டிரம்மில், விலைக்கு வாங்கிக் கலந்தது. பண்ருட்டிப் பக்கம் 2001இல் 50 பேருக்கு மேல் இறந்ததும், 2023இல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20 பேருக்கு மேல் இறந்ததும் இதே மெத்தனாலால்தான். அங்கெல்லாம் எந்தக் கல்வராயன் மலை இருந்தது?

வெள்ளிமலைப் பெண்ணே, உன்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல். மலை பெயரைக் கெடுத்தது மலை அல்ல. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கெடுத்து, சாலை உண்டா, பள்ளி உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டது. இன்னொரு வழக்கில் 2024 நவம்பரில் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. சட்டசபை அந்த ஜூன் மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. தண்டனை சரி. ஆனால் 65 உயிர் போனபிறகுதான் மலைக்குச் சாலை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது என்பதையும் வரலாறு எழுதிவைக்கும்.

கடைசியாக, நியாயம் கேட்ட தம்பிக்கு.

உன் கோபம் சரி. அமெரிக்கக்காரன் உன்னைவிட நல்லவன் அல்ல, நம் ஊர்க்காரன் கெட்டவனும் அல்ல. வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. அவன் வாங்கும் தானியப் பையில் என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. தவறு செய்தால் நாலு பேரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். அவன் தயாரித்ததை அவனேதான் குடிக்கிறான். கருணாபுரத்துப் பாக்கெட்டில் எழுத்து இல்லை. காய்ச்சியவன் ஒருவன், கலந்தவன் ஒருவன், விற்றவன் ஒருவன், குடித்தவன் ஒருவன். முதல் மூவருக்கும் நாலாமவனின் முகம் தெரியாது. இருட்டில் கை மாறும் எந்தப் பொருளும் ஒருநாள் விஷமாகும்.

கள்ளுக்கடை திறக்கலாமா, எல்லாவற்றையும் மூடலாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் கணவனை இழந்த பெண்கள் நிற்கும் தெருவில் நின்றுகொண்டு அதை உரக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் சொல்லட்டும், முதலில் கேட்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது அடையாளம் தெரியாத சாராயத்தைக் குடித்துவிட்டு, பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். மெத்தனாலின் வேலை பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். மோர், எலுமிச்சை என்று வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் வேண்டும். வழக்குக்குப் பயந்து மறைத்தால் உயிர் போகும்.

அமெரிக்கத் தம்பி, உன் பம்பு நன்றாக ஓடட்டும். அடுத்த முறை வரும்போது வெள்ளிமலைப் பள்ளிக்கு அதே மாதிரிச் சின்னப் பம்பு ஒன்று வாங்கி வா. காற்றழுத்தம், நீரேற்றம் எல்லாம் பிள்ளைகளுக்கு நேரில் காட்டலாம். இயற்பியல் சாரைக் கூட்டி வருவது என் பொறுப்பு. நியாயம் கேட்ட தம்பியும் கூட வர வேண்டும். வெள்ளிமலைப் பெண் நமக்குச் சாமைச் சோறு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

குழுவில் மறுபடி பேச ஆரம்பியுங்கள். மௌனமாக இருந்தால் வாத்தியாருக்குப் பயமாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்